துப்பாக்கிக் கடை மேசையும் படுக்கையறை இழுப்பறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த தலையங்கத்தையும், அதைத் தொடர்ந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். சட்டங்கள் கடுமையாக்கப்பட வேண்டும் என்ற தலையங்கத்தின் முடிவு எனக்கும் உடன்பாடானதே. ஆனால் அந்த முடிவுக்கு அது வந்து சேர்ந்த வழியை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவில் குடியிருந்து, இங்கேயே இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்த என்னால் ஏற்க இயலவில்லை. பள்ளிப் படுகொலைகள், ராணுவத் துப்பாக்கியைப் போலத் தோற்றமளிக்கும் ரைஃபிள்கள், ஆஸ்திரேலியாவின் முன்மாதிரி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து எடுத்துவைத்துவிட்டு, அமெரிக்கர்களுக்கு மட்டும் இது ஏன் புரியவில்லை என்ற கேள்வியோடு தலையங்கம் முடிந்துவிட்டது. வாசகர் கடிதங்களும் ஏறக்குறைய அதே தடத்தில்தான் சென்றன. சாவுகள் பெரும்பாலும் நிகழும் இடம் அதுவன்று என்பதே என் குறை.

நோய்த் தடுப்புக்கான மத்திய நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் இறப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2023-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் 17,927 பேர் கொலையுண்டவர்கள். 27,300 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். விபத்துகளும் காவல்துறையின் துப்பாக்கிச் சூடுகளும் மீதியில் அடங்கும். அதாவது, பத்தில் ஆறு சாவுகளுக்கு எந்தத் தொலைக்காட்சி வண்டியும் வருவதில்லை. மெழுகுவத்தி ஏந்திய கூட்டமும் இல்லை. கொலைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலும், பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடந்தவை. எல்லா வகை ரைஃபிள்களையும் சேர்த்தாலும் அவற்றின் பங்கு மிகச் சிறியது. பள்ளிப் படுகொலை சிறிய விஷயம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்த நாளன்று என் மகளும் அந்த வயதினள்தான். அன்று மாலை பள்ளி வாசலில் காத்திருந்த பெற்றோர் எவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. ஆயினும் ஒரு சட்டம் எத்தனை உயிர்களைக் காக்கும் என்று கேட்கும்போது, கண்ணில் பட்ட சாவுகளை மட்டும் எண்ணிவிட்டு மற்றவற்றை விட்டுவிட முடியாது.

ஆஸ்திரேலியா பற்றிய வாதத்தைச் சுருக்கமாகவே கடந்துவிடுகிறேன். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், பிரதமர் ஜான் ஹோவர்ட் இரண்டு வாரங்களுக்குள் மாநிலங்களை ஒரே உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்; அரசு விலை கொடுத்துத் திரும்பப் பெற்ற துப்பாக்கிகள் ஏறத்தாழ ஆறரை லட்சம். அமெரிக்கப் பொதுமக்களிடம் இருப்பவையோ, ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வமைப்பின் 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 39 கோடிக்கும் மேல். மக்கள்தொகையைவிட இது அதிகம். எந்தத் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்ற மத்தியப் பதிவேடு கிடையாது. அப்படியொன்றை உருவாக்கக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதனின் உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்துவிட்டது. இந்நிலையில் ‘எல்லாவற்றையும் திரும்பப் பெறுவோம்’ என்ற பேச்சினால் இதுவரை நடந்திருப்பது ஒன்றுதான்: ஒவ்வொரு படுகொலைக்குப் பின்னும், தடை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் மக்கள் கடைகளுக்கு ஓடுகிறார்கள்; விற்பனை ஏறுகிறது.

ஆனால் அதே ஹெல்லர் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வெறுப்பவர்கள் கொண்டாடும் நீதிபதி, அந்தத் தீர்ப்பிலேயே ஒரு பத்தியை ஒதுக்கி, இந்த உரிமை எல்லையற்றதன்று என்றும், பெருங்குற்றவாளிகளும் மனநோயாளிகளும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கும் நெடுநாள் விதிகளைத் தீர்ப்பு தொடவில்லை என்றும், பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் ஆயுதத்துக்கு உள்ள தடையும் விற்பனைக்கான நிபந்தனைகளும் அப்படியே இருக்கும் என்றும் எழுதியிருப்பதை இரு தரப்பாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2022-இல் புரூயன் வழக்கில் நீதிமன்றம் அளவுகோலை மாற்றி, எந்தக் கட்டுப்பாட்டுக்கும் வரலாற்றில் முன்னுதாரணம் காட்ட வேண்டும் என்றது. அதன் பிறகும், 2024-இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி வைக்கலாம் என்று எட்டு நீதிபதிகள் ஒரு பக்கமாக நின்று சொன்னார்கள், எதிர்த்தவர் ஒருவரே. ஆக, யாரிடம் துப்பாக்கி போகக் கூடாது என்பதில் இந்நாட்டில் பெரிய சண்டை இல்லை. அது அவரிடம் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை யாரும் முழுமையாகச் செய்வதில்லை என்பதே சிக்கல்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை நான் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என்னோடு பணிபுரிந்த நண்பர் ஒருவர், மான் வேட்டைக்குச் செல்பவர், ஒரு கைத்துப்பாக்கி வாங்கச் சென்றபோது என்னையும் துணைக்கு அழைத்துச் சென்றார். கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்ற பெண்மணி 4473 என்ற எண்ணிட்ட படிவத்தை நீட்டினார். இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா, உங்கள் மீது பெருங்குற்ற வழக்கு இருக்கிறதா, தேடப்படும் நபரா, கஞ்சா உள்ளிட்ட போதைப் பொருள் பழக்கம் உண்டா, குடும்ப வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா, மனநலம் குறித்து நீதிமன்றம் ஏதேனும் முடிவு செய்திருக்கிறதா? நண்பர் சாய்ந்தபடி நின்று வரிசையாகக் கட்டங்களை நிரப்பினார். அந்தப் பெண்மணி படிவத்தைப் பார்த்தபடி எஃப்.பி.ஐ. நடத்தும் சரிபார்ப்பு மையத்தைத் தொடர்புகொண்டார். நான் சுவரில் மாட்டியிருந்த மான் கொம்பைப் பார்த்து முடிப்பதற்குள் ‘தொடரலாம்’ என்ற விடை வந்துவிட்டது. பழச்சாறு வாங்குவதைவிடச் சற்றே அதிக நேரம் ஆகியிருக்கும். துப்பாக்கிப் பெட்டியோடு ஒரு கம்பிப் பூட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள்; கைத்துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற கடைகள் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பூட்டைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அந்த மையத்திலிருந்து வரக்கூடிய விடைகள் மூன்று: தொடரலாம், மறுக்கப்படுகிறது, தாமதம். மூன்றாவது விடைக்குள்தான் ஓட்டை இருக்கிறது. மூன்று அலுவல் நாட்களுக்குள் எஃப்.பி.ஐ. முடிவு சொல்லாவிட்டால், கடைக்காரர் விரும்பினால் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்பது 1993-ஆம் ஆண்டு பிரேடி சட்டத்தின் விதி. 2015-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், விவிலிய வகுப்புக்கு வந்திருந்த ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்ற இளைஞன் அப்படித்தான் துப்பாக்கி வாங்கினான். அவன் மீது போதைப்பொருள் கைது இருந்தது. சரிபார்த்த அலுவலர் தவறான காவல் நிலையத்திடம் கேட்டு, ஆவணம் கிடைக்காமல், நாட்கள் கடந்துவிட்டன. துப்பாக்கி கை மாறியது. சட்டப்படி அது அவன் கைக்குப் போயிருக்கவே கூடாது என்று எஃப்.பி.ஐ. இயக்குநரே பின்னர் ஒப்புக்கொண்டார். சரிபார்ப்பு முடியும்வரை துப்பாக்கி கடையிலேயே இருக்கட்டும் என்று ஒரு வரியை மாற்றினால் போதும். பத்தாண்டுகள் கடந்தும் மத்தியச் சட்டத்தில் அந்த வரி மாறவில்லை. 2022-இல் நியூயார்க்கின் பஃபலோவிலும் டெக்சாஸின் யூவால்டியிலும் பதினெட்டு வயதினர் இருவர் அடுத்தடுத்து நடத்திய படுகொலைகளுக்குப் பின், அவர்களில் இரண்டாமவன் மட்டும் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்ற பின், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் அந்தக் கால அவகாசம் பத்து அலுவல் நாட்கள்வரை நீட்டிக்கப்பட்டது.

ஆவணம் வந்து சேராத கதை சார்ல்ஸ்டனோடு தொடங்கியதன்று. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் இறந்ததைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இறந்தவர்களில் ஒருவர் நீரியல் கற்பித்த தமிழ்ப் பேராசிரியர். சுட்ட மாணவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005-லேயே ஒரு நீதி அலுவலர் முடிவு செய்து, சிகிச்சை பெறுமாறு ஆணையிட்டிருந்தார். மத்தியச் சட்டத்தின்படி அந்த ஆணையே அவனுக்குத் துப்பாக்கி விற்பதைத் தடை செய்யப் போதுமானது. ஆனால் மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர்களின் பெயர்களை மட்டுமே வர்ஜீனியா மாநிலம் மையத்துக்கு அனுப்பிவந்தது. வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறச் சொல்லப்பட்ட இவன் பெயர் போகவில்லை. கடைக்காரர் கேட்டார், மையம் ‘தொடரலாம்’ என்றது. பத்தாண்டுகள் கழித்து, 2017-இல், டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 உயிர்களைப் பறித்தவன், மனைவியையும் அவருடைய குழந்தையையும் தாக்கியதற்காக ராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவன். விமானப்படை அந்தத் தண்டனையை எஃப்.பி.ஐ.-க்குத் தெரிவிக்கவே இல்லை. அந்தச் சாவுகளுக்கான பொறுப்பில் 60 சதவீதம் விமானப்படையுடையது என்று 2021-இல் மத்திய நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். இரண்டு நிகழ்வுகளுக்குப் பின்னும் ஆவணங்களை அனுப்பச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றியது. எழவு விழுந்த பிறகு கூரையைச் செப்பனிடும் வழக்கத்தின்படி.

‘இருக்கிற சட்டங்களை ஒழுங்காக அமல்படுத்தினாலே போதும், புதிய சட்டம் எதற்கு?’ என்று துப்பாக்கி ஆதரவாளர்கள் கேட்பதற்கு இவையே சான்று என்று தோன்றலாம். பாதி உண்மை. 2023 அக்டோபரில் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் நகரில் 18 பேரைக் கொன்றவனைப் பற்றி அவன் குடும்பமும் உடன் பணிபுரிந்த படைவீரர்களும் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். அவனைப் பிடித்துவைத்து ஆயுதங்களை எடுத்துக்கொள்ள அம்மாநிலச் சட்டமே வழி செய்திருந்தும் உள்ளூர்க் காவலர்கள் அதைப் பயன்படுத்தவில்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. சட்டம் இருப்பது வேறு, அதைக் கையில் எடுப்பது வேறு. ஆனால் அந்தக் கேள்வியின் மறுபாதி இது: இருக்கிற சட்டத்தை அமல்படுத்த முடியாதபடி இன்னொரு சட்டம் கையைக் கட்டிவைத்திருந்தால் என்ன செய்வது?

மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கும் துப்பாக்கித் தடமறியும் மத்திய மையத்தை எண்ணிப்பாருங்கள். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் எண்ணை வைத்து, அதை முதன்முதலில் யார் வாங்கினார் என்று கண்டுபிடித்துச் சொல்வது அதன் வேலை. அலுவலர் உற்பத்தியாளரைக் கேட்கிறார். உற்பத்தியாளர் மொத்த வியாபாரியைக் காட்டுகிறார். மொத்த வியாபாரி சில்லறைக் கடையைக் காட்டுகிறார். கடைக்காரர் தன் படிவங்களைப் புரட்டுகிறார். கடை மூடப்பட்டிருந்தால் அதன் காகிதங்கள் அத்தனையும் பெட்டி பெட்டியாக இந்த மையத்துக்கே வந்து குவிந்திருக்கும். அவற்றைப் படமெடுத்துக் கணினியில் சேமிக்கலாம். பெயரைத் தட்டச்சு செய்து தேடக் கூடாது, ஏனெனில் அப்படித் தேட முடிந்தால் அது பதிவேடு ஆகிவிடும். ஆகவே கொலை வழக்குக்காக ஓர் அரசு ஊழியர் திரையில் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாம் சாதாரணமாக நூலகப் புத்தகத்தைத் தேடும் முறையைவிடப் பழைய முறை இது. அமல்படுத்துங்கள் என்று சொல்பவர்கள், அமல்படுத்துவதற்கான கருவிகளைத் தடுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் நண்பரின் கதைக்குத் திரும்புகிறேன். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் அதே கைத்துப்பாக்கியை விற்றார். வாங்கியவர், அதே மாநிலத்தைச் சேர்ந்த முன்பின் அறியாத ஒருவர். ஒரு வாகன நிறுத்துமிடத்தில் சந்தித்தார்கள். நண்பர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பணத்தை எண்ணிக்கொண்டு, துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். உரிமத்தைப் பார்த்ததுகூட அவருடைய மனச்சாட்சிக்காகத்தான். சட்டம் அதையும் கேட்கவில்லை. ஒரே துப்பாக்கி. முதல் முறை படிவம், கேள்விகள், எஃப்.பி.ஐ.; இரண்டாம் முறை ஒரு கைகுலுக்கல். துப்பாக்கி விற்பனையைத் தொழிலாகக் கொள்ளாத தனிநபர் விற்கும்போது பின்புலச் சரிபார்ப்பு வேண்டியதில்லை என்று மத்தியச் சட்டம் விட்டுவைத்திருப்பதே காரணம். மாநிலங்கள் பல இந்த இடைவெளியைத் தாமே அடைத்துக்கொண்டன. எங்கள் மாநிலம் அடைக்கவில்லை. அண்மையில் துப்பாக்கி பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் பெற்றிருக்கிறார் என்று 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சாண்டி ஹூக்குக்குப் பின் இதைப் பகுதியளவேனும் அடைக்க முயன்ற மசோதாவை, ஒரு ஜனநாயகக் கட்சி செனட்டரும் ஒரு குடியரசுக் கட்சி செனட்டரும் சேர்ந்தே கொண்டுவந்தார்கள். 2013 ஏப்ரலில் அதற்கு 54 வாக்குகள் கிடைத்தன. செனட்டின் வழக்கப்படி 60 வேண்டும். மசோதா அங்கேயே மடிந்தது.

‘குற்றவாளி படிவம் நிரப்பிக்கொண்டா இருப்பான்?’ என்பது இங்கே தேநீர் இடைவேளைகளில் தவறாமல் கேட்கும் கேள்வி. கூடவே சிகாகோவும் வந்துவிடும். அங்கே சட்டம் கடுமை, கொலையும் அதிகம்; ஆகவே சட்டம் பயனற்றது என்பார்கள். சிகாகோ நகர நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட தடமறிதல் அறிக்கையின்படி, குற்றங்களில் பிடிபட்ட துப்பாக்கிகளில் ஏறத்தாழ 60 சதவீதம் வெளிமாநிலங்களிலிருந்து வந்தவை. அவற்றில் முதலிடம், சிறிது நேரம் கார் ஓட்டினால் எட்டிவிடக்கூடிய இண்டியானாவுக்கு. ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கிகளும் ஏதோ ஒரு கடையில், யாரோ ஒருவருக்கு, சட்டப்படிதான் முதலில் விற்கப்படுகின்றன. அங்கிருந்து அது கள்ளச் சந்தைக்குப் போகும் பாதை எவ்வளவு எளிதாக இருக்கிறது என்பதே கேள்வி. ஒரு பக்கம் மட்டும் கரையை உயர்த்திவிட்டு, வெள்ளம் வந்ததும் கரையே வீண் என்று சொல்வதைப் போன்றது சிகாகோ வாதம்.

எதிர்த்தரப்பின் வாதங்கள் எல்லாமே இப்படி மேலோட்டமானவை அல்ல. காவல் வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும் பண்ணை வீட்டில் வசிப்பவரிடம், ஆபத்தென்றால் அவசர எண்ணை அழையுங்கள் என்று நகரத்தில் இருந்துகொண்டு நாம் சொல்வதில் நியாயம் குறைவு. அதைவிடக் கனமான வாதம் வரலாற்றிலிருந்து வருகிறது. 1956-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்ட பின், அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு அலபாமாவில் விண்ணப்பித்தார், அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். அனுமதி தருவதும் மறுப்பதும் ஓர் அதிகாரியின் விருப்பம் என்றிருந்த இடங்களிலெல்லாம், மறுக்கப்பட்டவர்கள் யார் என்று கறுப்பினத்தவர்களுக்குத் தெரியும். நியூயார்க்கில் நூறாண்டுக்கும் மேலாக இருந்த அத்தகைய உரிம முறையைத்தான் 2022-இல், மேலே சொன்ன புரூயன் வழக்கில், உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பின் மற்ற பகுதிகள் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு என்றாலும், இந்த ஒன்றில் அதன் கவலையைப் புரிந்துகொள்கிறேன். ஆகவே உரிமம் என்பது அதிகாரியின் தயவாக இருக்கக் கூடாது. எழுதிவைத்த நிபந்தனைகளை நிறைவேற்றிய எவருக்கும் மறுக்க முடியாததாக இருக்க வேண்டும். கனெக்டிகட் 1995-இல் வாங்குவோர் உரிமத்தைக் கொண்டுவந்த பின் அங்கே துப்பாக்கிக் கொலைகள் குறைந்ததையும், மிசௌரி 2007-இல் தன் உரிம முறையைக் கைவிட்ட பின் அங்கே அவை கூடியதையும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அடுத்தடுத்த ஆய்வுகளில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி அந்தக் கம்பிப் பூட்டு. நண்பர் துப்பாக்கியை வைத்திருந்தது படுக்கைக்கு அருகில் இருந்த சிறு மேசையின் இழுப்பறையில். பூட்டு, பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு, துப்பாக்கி வந்த அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. கடைக்காரர் பூட்டைக் கொடுக்க வேண்டும் என்கிறது மத்தியச் சட்டம். வாங்கியவர் அதைப் பூட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. மேலே குறிப்பிட்ட 27,300 சாவுகளும் இத்தகைய இழுப்பறைகளோடு தொடர்புடையவை. சாக வேண்டும் என்று முடிவெடுத்தவர் எப்படியும் சாவார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அதை மறுக்கின்றன. அந்த உந்துதல் பலருக்குச் சில மணி நேரத்தில், சிலருக்குச் சில நிமிடங்களில் கடந்துபோகிறது. அதைக் கடந்து பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி மட்டும் அந்த இரண்டாவது வாய்ப்பைத் தருவதில்லை. அதை எடுத்தவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைப்பதில்லை. 2006-இல் இஸ்ரேல் ராணுவம், வார இறுதியில் வீட்டுக்குச் செல்லும் வீரர்கள் ரைஃபிளை முகாமிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்று ஒரு விதியைக் கொண்டுவந்தது. வீரர்களின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. வாரநாட்களில் பெரிய மாற்றம் இல்லை, குறைந்தது வார இறுதியில்தான். எவருடைய துப்பாக்கியும் பறிக்கப்படவில்லை. கைக்கும் துப்பாக்கிக்கும் நடுவே சற்றுத் தூரம் வைக்கப்பட்டது, அவ்வளவே.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. பள்ளிகளில் துப்பாக்கியால் தாக்கியவர்களை ஆராய்ந்து சீக்ரெட் சர்வீஸ் என்ற மத்தியப் பாதுகாப்பு அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களில் முக்கால் பங்கினர் துப்பாக்கியை எடுத்தது தங்கள் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து. சாண்டி ஹூக் துப்பாக்கியும் தாயார் சட்டப்படி வாங்கியதே. 2021-இல் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்ற பதினைந்து வயதுச் சிறுவனின் பெற்றோர், தனித்தனியே விசாரிக்கப்பட்டு, 2024-இல் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். குழந்தை நடத்திய பள்ளிப் படுகொலைக்காகப் பெற்றோர், உள்நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றது அமெரிக்காவில் அதுவே முதல்முறை. அதே ஆண்டு அம்மாநிலத்தில் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகத் துப்பாக்கிச் சட்டங்கள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்டு வருகிறது. பல சட்டங்களைப் பற்றி ‘சான்று போதாது’ என்றே அது சொல்கிறது. எங்கள் தரப்பார் விரும்பும் சட்டங்கள் சிலவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டங்கள் இளையோரின் துப்பாக்கித் தற்கொலைகளையும் விபத்துகளையும் குறைக்கின்றன என்பதற்கு வலுவான சான்று இருப்பதாக அது கூறுகிறது.

என் மனைவி இதை எந்த அறிக்கையையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மகள் முதன்முதலாகத் தோழி வீட்டில் இரவு தங்கப் போனபோது, அந்த வீட்டுத் தாயாரை அழைத்து, வேர்க்கடலை ஒவ்வாமை பற்றிச் சொல்வதைப் போன்ற அதே குரலில், ‘வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. முகம் தெரியாதவரிடம் இப்படியா கேட்பது என்று நினைத்தேன். மறுமுனையில் சிறிது அமைதி. பிறகு அந்த அம்மாள், நான்கு இருக்கின்றன, எல்லாம் இரும்புப் பெட்டகத்தில், சாவி என் கணவரின் கழுத்தில், என்றார். கேட்டதற்கு நன்றியும் சொன்னார். துப்பாக்கி வைத்திருப்பவர்களை மூடர்கள் என்று சித்திரிக்கும் கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குரல் நினைவுக்கு வருகிறது. பொறுப்போடு வைத்திருக்கும் அவர் தாமாகச் செய்வதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று சொல்வதே பூட்டுச் சட்டம். அதை அவர் எதிர்ப்பார் என்று நான் நினைக்கவில்லை. என் நண்பர்தான், அவருக்கும் அப்போது எட்டு வயதில் ஒரு மகன் இருந்தான், சில காலம் எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். துப்பாக்கிக் கொலைகள் பெருந்தொற்றுக் காலத்தில் திடீரென ஏறி, 2021-இல் 20,958 ஆகி, பின்னர் பெரிய சட்டம் எதுவும் வேர்விடும் முன்பே 2023-இல் 17,927 ஆக இறங்கின. வேலை, பள்ளி, காவல், தெருவில் பிள்ளைகளோடு பழகும் பெரியவர்கள் என்று கொலையைக் கூட்டவும் குறைக்கவும் சட்டம் தவிர்த்த காரணங்கள் பல. அவ்வளவு எளிதாக ஏறி இறங்காதவை தற்கொலைகள். அதே இரண்டு ஆண்டுகளில் அவை கூடவே செய்தன. தலையங்கத்தின் கவனம் முழுவதும் கறுப்பு நிற ரைஃபிளில் இருந்ததை நான் குறைகூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறைவாக, தலையங்கத்தில் ஒரு தகவலைத் திருத்தக் கோருகிறேன். 1994-இல் கொண்டுவரப்பட்ட தாக்குதல் ரைஃபிள் தடையைப் பின்னர் வந்த அரசு ‘ரத்து செய்தது’ என்று அதில் எழுதப்பட்டிருந்தது. எவரும் ரத்து செய்யவில்லை. பத்தாண்டுகள் மட்டுமே செல்லும் என்ற விதியோடுதான் அந்தச் சட்டம் நிறைவேறியது; 2004 செப்டம்பர் 13 அன்று, காங்கிரஸ் புதுப்பிக்காததால், தானாகக் காலாவதியானது. தடை இருந்த காலத்திலும் அதற்கு முன் மக்களிடம் இருந்த ரைஃபிள்களையும், தோட்டாக்களை அடுக்கும் மகசின்களையும் அது தொடவில்லை. அதன் பலன் என்ன என்று ஆய்வாளர்கள் இன்றுவரை வாதிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதைச் சிறு பிழையென்று விட்டுவிடாமல் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் மேலே சொன்ன பத்து நாள் அவகாசத்தைத் தந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 21 வயதுக்குக் குறைந்தவர் துப்பாக்கி வாங்க வரும்போது மாநில, உள்ளூர் அலுவலகங்களைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்ற விதிக்கும் அதேபோல் ஒரு காலக்கெடு உண்டு. தங்கள் தலையங்கக் குழு நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ள வசதியாக அந்தத் தேதியையும் தருகிறேன்: 2032 செப்டம்பர் 30.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அமெரிக்கா